மைக் முன்னால் ஒரு நாற்காலி

என் வீட்டுக்காரர் ஒரு நாளில் என்னிடம் பேசுவது, "சாப்பாடு ஆச்சா?", "சாவி எங்க?", "லிஃப்ட் மறுபடியும் ரோசாக், படி ஏறித்தான் வந்தேன்" என்ற மூன்றோடு முடிந்துவிடும். அதே மனிதர் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம் அங்கே மழையா வெயிலா, கூரைமேல் என்ன ஆன்டெனா, மூட்டுவலி இப்போது பரவாயில்லையா என்று உருகி உருகி விசாரிப்பார். எனக்கும் இரண்டு மூட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த நோய்க்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். அரசாங்கத் தேர்வு எழுதித் தேறினால் உரிமம் தருவார்கள், உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறியும் தருவார்கள். பிறகு ரேடியோ வாங்கி, கம்பி கட்டி, உலகத்தின் அந்தக் கோடியில் இதே நோய் பிடித்த இன்னொருவரோடு வானத்தின் வழியாகப் பேசலாம். கைப்பேசியில் ஒரு விரலால் செய்கிற காரியத்தை ஒரு லோரி நிறைய சாமான் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்வது என்று நான் சுருக்கமாகச் சொல்வேன். எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் யாருக்கும் இந்த விளக்கம் பிடிப்பதில்லை. வெள்ளம் வந்து கைப்பேசிக் கோபுரமெல்லாம் சாய்ந்தால் அன்றைக்கு எங்களைத் தேடித்தான் வருவீர்கள் என்பார்கள். பக்கத்து ஊரான கிள்ளானில் வெள்ளம் வந்தபோது ஆட்களுக்கு முன்னால் இந்த ரேடியோக்களைத்தான் மாடிக்குத் தூக்கினோம் என்பதை நான் அவர்களுக்கு நினைவுபடுத்துவதில்லை.

இந்த உலகத்தில் மனைவிக்கு 'எக்ஸ் ஒய் எல்' என்று பெயர். விரித்தால் 'முன்னாள் இளம்பெண்' என்று வரும். இதைக் கண்டுபிடித்தவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது. அன்றைக்கு அவர் பட்டினியாகத்தான் படுத்திருப்பார் என்று நம்புகிறேன்.

நான் தேர்வு எழுதியது கோபத்தில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சங்கத்து விருந்து. எங்கள் தலைவர் தொலைத்தொடர்பில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வானத்தையும் மின்னலையும் தன் கீழ் வேலை பார்த்தவர்கள் மாதிரிதான் பேசுவார். அன்றைக்கு ரசத்தைக் குடித்துக்கொண்டே என்னைக் காட்டி, "பாவம் சிஸ்டர், இதெல்லாம் அவங்களுக்கு என்னா புரியும், நம்மகிட்ட வந்து மாட்டிக்கிட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அவருடைய பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் தடவையிலேயே தேறினேன். என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவைதான் தேறினார். இதை நான் தேவையான சமயத்தில் மட்டும்தான் சொல்லிக்காட்டுவேன். தேவை அடிக்கடி வரும்.

உரிமம் கைக்கு வந்ததே தவிர, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. கையடக்க ரேடியோவில் பேசினால் கிள்ளான் வரைக்கும் கேட்கும். கிள்ளானில் இருப்பவர்களோடு பேச எனக்கு ரேடியோ எதற்கு, அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். கடல் தாண்டிப் பேச வேண்டுமானால் நீளமான கம்பி வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் நிர்வாகம் கம்பி கட்ட விடவில்லை. துணி காயப்போடும் கொடி என்று சொல்லி பால்கனியில் ஒன்றைக் கட்டிப் பார்த்தோம். என் சேலை காய்ந்ததுதான் மிச்சம். ரேடியோவில் லிஃப்ட் மோட்டாரும் ரயிலும் போடும் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே எனக்கிருந்த ஒரே வழி, சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை போடும் வெளிக்கூடாரம்தான். ஒரு வார இறுதி முழுக்க வெட்டவெளியில் கூடாரம் போட்டு, ஜெனரேட்டர் வைத்து, எத்தனை நாட்டுக்காரர்களோடு பேச முடிகிறது என்று பார்ப்பார்கள். சங்கத்தில் கடல் தாண்டிப் பேசக்கூடிய நல்ல ரேடியோ ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம். நான் கூப்பிட வேண்டும், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் என் குரலைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பேராசை இல்லை, ஒரு ஆள் போதும்.

உரிமம் வாங்கிய முதல் வருஷம், "புதுசா வந்தவங்க பாத்துக் கத்துக்கணும், சிஸ்டர்" என்றார் தலைவர். அடுத்த வருஷம் என் முறை வந்தபோது மழை கொட்டியது, எல்லாரும் கூடாரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இந்த வருஷம் யார் எப்போது உட்காருவது என்ற அட்டவணையைத் தயாரித்தவர் சாட்சாத் என் வீட்டுக்காரர். கைப்பேசியில் சங்கத்துப் புலனக் குழுவில் வந்தபோது திறந்து பார்த்தேன். 'உணவு' என்பதற்கு நேராக நான் இருந்தேன். மரியாதையாகப் பக்கத்தில் என் அழைப்புக் குறியையும் போட்டிருந்தார். மிளகாய்ச் சம்பல் கிண்டுவதற்கு அரசாங்க உரிமம் பெற்றவள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான்.

"ஏங்க, என்னாங்க இது?"

"தலைவர்தான் அப்படிப் போடச் சொன்னாரு."

"அவர் சொன்னா? உங்க கை என்னா வாடகைக்கா விட்டுருக்கீங்க?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா போடறேன். இந்த வருஷம் மட்டும் விட்டுடு லா. நெலமை உனக்கே தெரியும்."

நிலைமை எனக்குத் தெரியும். நிலையப் பொறுப்பாளர் என்று சங்கத்தில் ஒரு பதவி இருக்கிறது. ரேடியோவும் ஆன்டெனாவும் அவர் பொறுப்பு. அதுவரை தலைவரே அதையும் வைத்திருந்தார். இந்த முறை வேறொருவருக்குக் கொடுக்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை கூடாரம் பிரிக்கும்போது அறிவிப்பதாகவும் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அதன்மேல் ஒரு கண். இரண்டு கண்ணும் என்றே சொல்லலாம். அதற்காகத் தலைவர் தும்மினால்கூட இவர் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பந்திங்கில் நிறுத்தி ஐஸ்கட்டியும், மறந்துபோன கயிறும், மறந்துபோனதாக நினைத்த இன்னொரு கயிறும் வாங்கிக்கொண்டு பாலம் தாண்டிக் கேரி தீவுக்குப் போனோம். அங்கே தோட்டத்து அலுவலகத்தில் ஓர் உறுப்பினரின் தங்கை வேலை பார்க்கிறாள். அவள் புண்ணியத்தில் காற்பந்துத் திடல் ஒன்று கிடைத்திருந்தது. சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை மரங்கள். நடுவில் நாங்கள், எங்கள் கம்பிகள், எங்களை வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள். குரங்குகள் கொஞ்ச நேரத்தில் போய்விட்டன. அவற்றுக்கு வேறு வேலை இருந்தது.

கம்பி கட்டுவது ஒரு தனிக் கூத்து. கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார். ஜெனரேட்டரை அவர்தான் கொண்டுவருவார். லாஸ்டிக் என்கிற கவணில் ஈயக்குண்டை வைத்துச் செம்பனை உச்சிக்கு நூல் விடுவதும் அவர்தான். அவர் குறி பார்க்கும்போது சங்கமே சுற்றி நின்று கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று யோசனை சொல்லும். குண்டு எங்கேயோ போய் விழும். "நீங்க எல்லாம் டியாம், நான் அடிக்கிறேன்" என்று அவர் கத்திய பிறகு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டதும், நூல் சரியாகப் போய் மாட்டியது.

அதற்குள் என் வீட்டுக்காரர் கூடாரத்தில் மேசை போட்டு ரேடியோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு பெயிண்ட் டின் உண்டு. எங்கள் வரவேற்பறைக்கு அடித்த இளமஞ்சள் பெயிண்ட் டின். அதற்குள் எண்ணெய் ஊற்றி, எண்ணெய்க்குள் ஒரு மின்தடையை முக்கி வைத்திருக்கிறார். எண்ணெய் என் சமையலறையிலிருந்து எடுத்தது. அதற்கு டம்மி லோடு என்று பெயர். ஆன்டெனா தயாராவதற்கு முன் ரேடியோ சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வானத்துக்குப் போக வேண்டியதை இந்த டின்னுக்குள் அனுப்பிச் சோதிப்பார்கள். டின் அதையெல்லாம் விழுங்கிவிடும், வெளியே எதுவும் போகாது. ரேடியோவிலிருந்து வரும் கம்பி ஒரு சின்ன சுவிட்ச் பெட்டிக்குப் போகும். அதன் திருகை ஒரு பக்கம் திருப்பினால் ஆன்டெனா, மறுபக்கம் திருப்பினால் டின். அவர் டின் பக்கம் திருப்பிச் சோதித்தார், தலையை ஆட்டிக்கொண்டார், டின்னை மேசைக்கு அடியில் தள்ளினார். அந்த நேரம் பார்த்துத் தலைவர் வெளியிலிருந்து கூப்பிட்டார். இவர் எழுந்து ஓடினார்.

ஆன்டெனா ஏறியதும் தலைவர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். மைக்கை அழுத்தி மீட்டரைப் பார்த்தார். அசந்துபோனார்.

கட்டிய ஆன்டெனா ரேடியோவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவதற்கு ஒரு மீட்டர் இருக்கிறது. முள் ஒன்றில் நின்றால் உத்தமம். வழக்கமாக எங்கள் சங்கத்து முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தள்ளாடும். அதைக் கீழே இறக்கக் கம்பியை வெட்டுவார்கள், அதிகமாக வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுவார்கள், அரைநாள் போய்விடும். அன்றைக்கு முள் ஒன்றில் ஒட்டிக்கொண்டு நின்றது. எந்த அலைவரிசைக்கு மாற்றினாலும் ஒன்று.

"தம்பி! இங்க வாய்யா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆன்டெனா பாத்ததில்லய்யா!"

என் வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், பூரித்தார். ஆளாளுக்கு மீட்டரைப் படம் எடுத்தார்கள். ஒருவர் மீட்டரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். தலைவர் என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு, "இந்தச் சங்கத்துக்கு அடுத்த ஆள் ரெடி" என்றார். பதவி கிட்டத்தட்ட வந்துவிட்டது. இவர் நடக்கும்போது கால் தரையில் படவில்லை.

பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்து, "சிக்யூ, சிக்யூ" என்று ஆரம்பித்தார். எங்கள் பாஷையில் அதற்கு, யாராவது இருக்கிறீர்களா, இருந்தால் பதில் சொல்லுங்கள் என்று பொருள். யாரும் இல்லை. மறுபடி கூப்பிட்டார். உஸ்ஸென்று ஒரு மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். அலைவரிசை மாற்றினார். அங்கேயும் உஸ். அடுத்தவர் உட்கார்ந்தார், குரலை உயர்த்தினார். அடுத்தவர் இன்னும் உயர்த்தினார். வெளியே நின்று கேட்டால் ஏதோ ஏலக்கடை மாதிரி இருந்தது. உலகம் வாய் திறக்கவில்லை.

இனி காரணம் கண்டுபிடிக்க வேண்டும். தலைவர் சூரியனைச் சொன்னார். சூரியனில் ஏதோ வெடித்திருக்கிறதாம், அதனால் வானத்தில் அலைகளைத் திருப்பி அனுப்பும் படலம் கலைந்துவிட்டதாம். கைப்பேசியில் ஒரு வரைபடத்தை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். இன்னொருவர் செம்பனை ஓலையில் ஈரம் அதிகம், அதுதான் அலையை உறிஞ்சுகிறது என்றார். ஒருவர் கடல் ஏற்றத்தைச் சொன்னார். ஆன்டெனாவை ஜப்பான் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். பிறகு இந்தியா பக்கம். பிறகு மறுபடி ஜப்பான் பக்கம். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து மீட்டரைப் பார்ப்பார்கள், முள் ஒன்றில் அசையாமல் நிற்கும், "ஆன்டெனா பெர்ஃபெக்ட், பேண்டுதான் செத்துப்போச்சி" என்பார்கள், அலைவரிசையில் எதுவும் போகவில்லை வரவில்லை என்று அர்த்தம். சீன அங்கிள் மட்டும் ஒரு முறை ரேடியோவை உற்றுப் பார்த்து, "தாக் அடா லா, பாஸ், சத்தமே இல்ல, பெலிக் லா" என்று ஆச்சரியப்பட்டுத் தலையைச் சொறிந்தார். அவர் சொன்னதைக் கேட்கத் தலைவருக்கு நேரமில்லை, சூரியனோடு மும்முரமாக இருந்தார்.

நான் இதையெல்லாம் அடுப்புப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக், பொரித்த கோழி, என் உரிமம் பெற்ற சம்பல். உலகம் பதில் சொல்லாத துக்கத்தில் எல்லாரும் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பக்கத்துக் கூடாரத்தில் பாயை விரித்துச் சாய்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டுகளைக் கழுவக் குழாயடிக்குப் போனார். ரேடியோக் கூடாரத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"அண்ணே, நான் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?"

தலைவர் கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார். "தாராளமா, சிஸ்டர். கூப்பிட்டுப் பழகுங்க. பேண்டு செத்துக் கெடக்கு, ஒருத்தனும் பதில் சொல்லமாட்டான். அதனால பயப்பட ஒண்ணுமில்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த சம்பல் பாத்திரத்தை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். பேண்டு உயிரோடு இருந்தவரைக்கும் கொடுக்காத நாற்காலியைச் செத்த பிறகு கொடுக்கிறார். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். ஆசை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ரோஷம் கிடையாது.

மைக்கை அழுத்தினேன். தனியாக வீட்டில் ஒத்திகை பார்த்தபோது கம்பீரமாக வந்த குரல், அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சங்கத்து அழைப்புக் குறியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். உஸ். மறுபடி. உஸ். ஒன்றும் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறை மைக்கை விட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நாலைந்து முறைக்குப் பிறகு அழுகை வரும் போலிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன். கால் எதிலோ பட்டது. சுரீரென்று சுட்டது.

குனிந்து பார்த்தேன். இளமஞ்சள் பெயிண்ட் டின்.

நிழலில் கிடக்கும் டின் எதற்குச் சுட வேண்டும்? பாடப்புத்தகத்தில் அதற்கென்று ஒரு பக்கமே இருந்தது. படித்துத் தேறி முழுசாக மூன்று வருஷம்கூட ஆகவில்லை, எனக்கு மறக்கவில்லை. சுவிட்ச் பெட்டியைப் பார்த்தேன். திருகு டின் பக்கம் இருந்தது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது. சங்கத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து உலகத்தை நோக்கிக் கத்திய கத்தல் அத்தனையும் என் சமையல் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அந்த உத்தமமான மீட்டர் முள், பாவம், பொய் சொல்லவில்லை. டின் உண்மையிலேயே ரேடியோவுக்கு மிகப் பொருத்தமானதுதான். அதோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டவரை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பிறகுதான் இது யார் வேலை என்று உறைத்தது. காலையில் திருகைத் திருப்பியவர் என் வீட்டுக்காரர். திருப்பி வைக்காமல் ஓடியவரும் அவர்தான். இது வெளியே தெரிந்தால் நிலையப் பொறுப்பாளர் பதவி அன்றைக்கே காலி. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சத்தம் போடாமல் இருந்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல. சத்தம் போட்டால் எல்லாரும் ஓடிவருவார்கள், நாற்காலி போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு திருகை ஆன்டெனா பக்கம் திருப்பினேன்.

அடேயப்பா. குறைத்து வைத்தும் ரேடியோ அலறியது. பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. ஜப்பான்காரர் ஒருவர் படபடவென்று பேசினார், இந்தோனேசியாக்காரர்கள் சிரித்தார்கள், யாரோ ரஷ்ய மொழியில் யாரையோ கோபித்துக்கொண்டார்கள். எல்லாரும் காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்சம் அமைதியான ஓர் இடமாகத் தேடிப் பிடித்து, மைக்கை அழுத்தி, கூப்பிட்டேன்.

பதில் வந்தது.

வயதானவர் குரல். தன் அழைப்புக் குறியைச் சொன்னார், ஆஸ்திரேலியா, பெர்த் பக்கம் என்றார். என் அழைப்பில் பாதிதான் பிடிபட்டது, மீதியைத் திரும்பச் சொல்லுங்கள், அம்மா, என்றார். அம்மா என்பதை ஆங்கிலத்தில் 'மேடம்' என்று மரியாதையாகச் சொன்னார். யாரோ ஒருவர் கடலுக்கு அந்தப் பக்கத்தில் என் குரலைக் கேட்டு, அது ஒரு பெண் குரல் என்று தெரிந்து, மீதியைக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரல் பாயில் கிடந்தவர்களையும் எழுப்பிவிட்டது. "பேண்டு திறந்துடுச்சி!" என்று ஒரு கூச்சல். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தார்கள். கூடாரம் நிறைந்துவிட்டது. தலைவர் முன்னால் வந்து நின்றார். "நான் சொன்னேன்ல, சூரியன் அடங்கினா சரியாயிடும்னு! எழுந்திரிங்க, சிஸ்டர், எழுந்திரிங்க. இது ரொம்ப நேரம் நிக்காது, இந்த மாதிரி நேரத்துல அனுபவம் வேணும்" என்று சொல்லிக்கொண்டே மைக்கின் மேல் கை வைத்தார்.

நான் விடவில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் மைக். "அண்ணே, அவர் என்னைத்தான் கேக்கறாரு" என்றேன். "அழைப்புக் குறி சங்கத்தோடதுதானே, சிஸ்டர், யார் பேசினா என்னா?" என்றார். பெர்த்காரர் மீதியைச் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டார். இன்னும் ஒரு முறை கேட்பார், பிறகு போய்விடுவார். சுவிட்ச் கதையைச் சொன்னால் போதும், இந்த அனுபவசாலிகள் எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். நாக்கு நுனியில் இருந்தது. அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கழுவிய தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பதும் புரிந்துவிட்டது.

எனக்கு அவரைப் பற்றித் தெரியும். வாயைத் திறக்க மாட்டார். தலைவருக்கு எதிராக ஒரு சொல் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணால் சொல்வார், நான் எழுந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அண்ணே, கைய எடுங்க."

அது என் வீட்டுக்காரர் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"என்னாது?" என்றார் தலைவர்.

"பேண்டு காலையிலேருந்து திறந்துதான் இருக்கு, அண்ணே. டெஸ்ட் பண்ணிட்டு சுவிட்ச்ச நான்தான் திருப்பி வைக்கல. நாம எல்லாரும் டின்னுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தோம். அவதான் கண்டுபிடிச்சா. அது அவ பிடிச்ச ஆளு. அவ பேசட்டும்."

"டின்னுக்குள்ளயா?"

"தொட்டுப் பாருங்க, அண்ணே. இன்னும் சுடுது."

தட்டுகளைக் கீழே வைத்தார். மேசைக்கு அடியில் புகுந்து, கம்பியைக் கழற்றி, டின்னை அதன் பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே நடந்தார். திடல் நடுவில் கொண்டுபோய் வைத்தார். தலைவர் பின்னாலேயே போனார். சங்கமே பின்னால் போனது. ஒவ்வொருவராகக் குனிந்து டின்னைத் தொட்டார்கள், ஒவ்வொருவராகக் கத்தினார்கள். "அலாமாக்! அரை நாளு, தம்பி, அரை நாளு!" என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். மீட்டரோடு படம் எடுத்துக்கொண்டவர் எல்லாரையும்விட அதிகமாகத் திட்டினார். அந்தப் பதவி போய்விட்டது என்பது கூடாரத்துக்குள்ளேயே கேட்டது. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அவர்கள் திட்டி முடித்துவிட்டால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சும்மா இருக்காமல் நடு நடுவே ஏதோ பதில் சொல்லி, அவர்களை இன்னும் கொஞ்சம் உசுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனிதரை எனக்கு அப்போது பிடித்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பிடித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை அழுத்தினேன்.

மீதி எழுத்துகளைச் சொன்னேன். பெர்த்காரர் முழுக் குறியையும் திருப்பிச் சொன்னார், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. குரல் தெளிவாகக் கேட்கிறது என்றார். உங்கள் குரலும்தான் என்றேன். இந்த மாதிரி வார இறுதியில் யாரும் அதற்கு மேல் பேசமாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அவர் போகவில்லை.

"உங்களுக்குப் பின்னால் ஏதோ பெரிய சண்டை நடக்கிற மாதிரி கேட்கிறதே, அம்மா. எல்லாம் சரியாக இருக்கிறதா?"

"சரியாக இருக்கிறது," என்றேன். "என் வீட்டுக்காரர்தான். நான் உங்களோடு பேசி முடிக்கும்வரை எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்."

இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

"அப்படியா? அப்படியானால் நமக்கு என்ன அவசரம்? மெதுவாகவே பேசுவோம். சொல்லுங்கள், அங்கே மழையா, வெயிலா?"